மறைந்த பிறகு எழுந்த நட்சத்திரம்: பி. ரம்லியும் அவருடைய ரசிகர்களும்

கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில், வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, பழைய முஸ்லிம் இடுகாடு ஒன்று இருக்கிறது. மே மாதக் கடைசியில் அங்கே ஒரு கல்லறையைத் தேடி ஆட்கள் வருவார்கள். கையில் பூவும் பன்னீரும் இருக்கும். சிலர் பிரார்த்தனை செய்வார்கள், சிலர் சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். 1973 மே 29-ஆம் தேதி மறைந்த நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் பி. ரம்லியின் கல்லறை அது. அவருடைய மனைவியும் பாடகியுமான சலோமா 1983-இல் காலமாகி அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வருகிறவர்களின் வயதைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். பெரும்பாலோர் ரம்லி உயிரோடு இருந்தபோது பிறக்காதவர்கள். அவருடைய படத்தை வெளியான நாளில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிய முதியவர்கள். உயிரோடிருந்தபோது கைதட்டிய கூட்டம் ஒன்று, இறந்த பிறகு சேர்ந்த கூட்டம் வேறொன்று. இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே ஏறத்தாழ பத்தாண்டு கால மௌனம் கிடக்கிறது. ரம்லியின் நினைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மௌனத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதுதான் வழக்கம்.

மலாய்த் திரையுலகின் கலைஞரைப் பற்றித் தமிழர்கள் ஏன் இவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சுபாங் ஜெயாவில் வாழ்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிறைந்த இந்த நகரம் 1970-களின் நடுப்பகுதி வரை சீபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்தது. பால்மரங்களும் லயத்து வீடுகளும் மாரியம்மன் கோயிலுமாகத் தமிழர்கள் வாழ்ந்த மண் இது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களில் திரைப்படம் என்றால் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டிப் போடுகிற படம்தான். சம்பள நாளையொட்டித் தமிழ்ப் படம் வரும். தகவல் இலாகாவின் பட வண்டி வந்தால் அரசாங்கச் செய்திப் படங்களும் வரும். எப்போதாவது மலாய்ப் படமும் வரும். மலாய்மொழி அரைகுறையாகத் தெரிந்த தோட்டத்து மக்களுக்கும் ரம்லியின் நகைச்சுவை புரிந்தது. கண்ணை உருட்டுவதற்கும் மாமியாரைக் கண்டு நடுங்குவதற்கும் மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

ஆனால் தமிழர்களுக்கும் ரம்லிக்கும் உள்ள உறவு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களோடு முடிந்துவிடவில்லை. திரைக்குப் பின்னாலும் அது இருந்தது. அந்தக் கதை அதிகம் பேசப்படாதது.

தெயுக்கு சக்காரியா என்ற இயற்பெயர் கொண்ட ரம்லி 1929 மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை ஆச்சே வம்சாவளியினர், கப்பல் தொழிலாளி. தாய் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் ஆட்சி வந்தது, படிப்பு தடைப்பட்டது. போர் முடிந்த பிறகு பாட்டுப் போட்டிகளில் பெயர் வாங்கினார். 1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இயக்குநர் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். முதல் மலாய்ப் பேசும் படமான 'லைலா மஜ்னூனை' 1930-களில் இயக்கியவரும் அவரே.

சிங்கப்பூர் பாலஸ்டியர் பகுதியில் ஜாலான் அம்பாஸ் என்ற சின்னத் தெருவில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டுடியோ இருந்தது. அந்த ஸ்டுடியோ இயங்கிய விதம் வியப்பானது. முதல் போட்டவர்கள் சீனர்கள், நடித்தவர்கள் மலாய்க்காரர்கள், இயக்கியவர்கள் இந்தியர்கள். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், வங்காளத்திலிருந்து வந்த பானி மஜும்தார் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். சென்னையிலும் பம்பாயிலும் எடுக்கப்பட்ட படங்களின் கதையமைப்பு, பாட்டு வைக்கிற இடம், கண்ணீர் வரவழைக்கிற உச்சக்கட்டம் எல்லாம் இவர்கள் வழியாகவே மலாய்த் திரைக்கு வந்தன. நம் மக்களுக்கு அந்தப் படங்கள் சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவர்களில் எல். கிருஷ்ணனைத் தனியே குறிப்பிட வேண்டும். 1922-இல் சென்னை மாகாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து, இந்த மண்ணில் வளர்ந்தவர். மற்ற இயக்குநர்களைப் போல ஒப்பந்தத்தில் வந்து போனவர் அல்லர். அவர் ஜாலான் அம்பாஸுக்கு வந்தபோது ரம்லி பின்னணிப் பாடகராகவும் வில்லனாகவும் துணை நடிகராகவும்தான் இருந்தார். முதல் படமான 'சிந்தா'விலும் (1948) வில்லன் வேடம்தான். ஆள் ஒல்லி, முகத்தில் பரு வடு. கதாநாயகனுக்குரிய முகவெட்டு என்று அந்தக் காலத்தில் எதைச் சொன்னார்களோ அது அவரிடம் இல்லை. அந்த இளைஞரை நம்பிக் கதாநாயகன் வேடம் கொடுத்தவர் கிருஷ்ணன். 1950-இல் வெளிவந்த 'பாக்தி' ரம்லி கதாநாயகனாக நடித்த முதல் படம். பிறருக்காகப் பாடிக்கொண்டிருந்தவர் தன் முகத்தோடு தன் குரலையும் சேர்த்து மக்கள் முன் வைத்தார். 'பாக்தி' என்ற மலாய்ச் சொல்லும் நம்முடைய பக்தியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

அடுத்து வந்த பதினைந்து ஆண்டுகளை ரம்லியின் காலம் என்றே சொல்லலாம். 1955-இல் 'பெனாரிக் பெச்சா' படத்தின் வழி இயக்குநரானார். மூன்று சக்கர வண்டி மிதித்துப் பிழைக்கும் ஓர் ஏழை, பணக்கார வீட்டுப் பெண் மீது கொள்ளும் காதல்தான் கதை. இந்தியர்கள் கோலோச்சிய இயக்குநர் நாற்காலியில் அவர்களிடம் தொழில் கற்ற மலாய் இளைஞர் உட்கார்ந்து வெற்றி பெற்றது அன்று பெரிய செய்தி. பானி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி'யில் செல்லம் கொடுத்துக் கெடுத்த தகப்பனாகவும் கெட்டுப்போன மகனாகவும் இரண்டு வேடங்களில் நடித்தார். அதற்காக 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கடைசியில் தகப்பனே மகனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறான். சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' பார்த்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படம் வந்தது 1974-இல்.

அதன் பிறகு 'புஜாங் லாப்போக்' வரிசை வந்தது. ரம்லி, எஸ். சம்சுடின், அசிஸ் சத்தார் என மூன்று வெட்டிப் பிரம்மச்சாரிகள் வாடகை வீட்டில் அடிக்கும் கூத்து. 1961-இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்'கில் மூவரும் நடிக்க வாய்ப்புத் தேடி ஸ்டுடியோவுக்கே போவார்கள். ஜாலான் அம்பாஸ் எப்படி இருந்தது என்று இன்று அறிய விரும்புகிறவர்களுக்கு அந்தப் படமே சாட்சி. தான் சம்பளம் வாங்கும் ஸ்டுடியோவையே கேலி செய்ய ரம்லிக்குத் துணிச்சல் இருந்தது.

எல்லாவற்றிலும் ஆழமானது 1962-இல் வந்த 'இபு மெர்த்துவாகு' என்பது பலருடைய கருத்து. காசிம் செலாமாட் என்ற இசைக் கலைஞனைப் பணக்காரப் பெண் காதலித்து மணக்கிறாள். இசைக்காரனா மருமகன் என்று மாமியார் வெறுக்கிறாள், சூழ்ச்சி செய்து பிரிக்கிறாள். மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பி அழுதழுதே அவன் பார்வை போகிறது. தமிழில் கூத்தாடி என்று ஒரு சொல் உண்டு. கலையை ரசித்துவிட்டுக் கலைஞனைத் திண்ணையோடு நிறுத்திவைக்கிற மனோபாவம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதே மனோபாவத்தைத்தான் ரம்லி அந்த மாமியார் உருவில் காட்டினார். பத்து ஆண்டுகளில் அது தன் சொந்தக் கதையாகும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1964-இல் ரம்லியும் சலோமாவும் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார்கள். ஹூலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டுடியோவில் சேர்ந்தார். இங்கே அவர் 18 படங்களை எடுத்தார். ஆனால் ஜாலான் அம்பாஸில் அவரைச் சுற்றியிருந்த ஒளிப்பதிவாளர்கள், எழுத்தாளர்கள், இசைக்குழுவினர், கூட்டாளி நடிகர்கள் எல்லாரும் இங்கே இல்லை. சாதனங்களும் குறைவு, பணமும் குறைவு. சிங்கப்பூரில் ஒரு பட்டாளம் செய்த வேலையைக் கோலாலம்பூரில் ஒரு மனிதர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

காலமும் கைகொடுக்கவில்லை. 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதலால் அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோ மூடப்பட்டது. வெளிநாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. ரம்லி இயக்கிய படங்களோ கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. இளைஞர்கள் பீட்டில்ஸ் பக்கம் போனார்கள், மின்சார கித்தார் வைத்த 'போப் யே யே' இசைக்கு ஆடினார்கள். அவர்களுக்கு ரம்லியின் பாட்டு அப்பா காலத்துப் பாட்டு. 1963 டிசம்பர் 28-ஆம் தேதி நாட்டில் தொலைக்காட்சி வந்துவிட்டதால், வீட்டிலேயே படம் தெரியும்போது கொட்டகைக்குப் போவானேன் என்ற எண்ணமும் பரவியது. அந்தத் தொலைக்காட்சிதான் பின்னாளில் அவரைக் காப்பாற்றப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' கடைசிப் படம். விமர்சகர்கள் சலித்துக்கொண்டார்கள். மேடையில் பாடப் போன இடத்தில் கூட்டம் கூச்சல் போட்டு அவரை இறக்கிவிட்டதாக அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்கிறவர்கள் குறிப்பிடுவது உண்டு. 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 30-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 200-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்தவர் அவர். அவர் ஸ்டுடியோவின் சம்பளக் கலைஞர். படங்கள் முதலாளிக்குச் சொந்தம். ஒரு படம் நூறு முறை ஓடினாலும் அவர் வீட்டுக்கு வருவது மாதச் சம்பளம்தான். அந்தச் சம்பளமும் நின்றபோது கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டிவிட்டு, தோட்டம் விற்கப்பட்டதும் வீட்டைக் காலி செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

1973 மே 29-ஆம் தேதி அதிகாலை, செத்தாப்பாக்கில் இருந்த வீட்டில் மாரடைப்பு வந்தது. வயது 44. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட வீட்டில் அரிசிகூட இல்லை என்ற செய்தி இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவர் கடைசியாக எழுதியது என்று சொல்லப்படும் பாடலின் தலைப்பு 'ஆயர் மாதா டி கோலாலம்பூர்'. கோலாலம்பூரில் கண்ணீர் என்று பொருள்.

தமிழ்த் திரையுலகிலும் இப்படிப்பட்ட முடிவுகள் உண்டு. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்டது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று மீண்ட பிறகு பழைய புகழ் திரும்பவேயில்லை. 1959 நவம்பர் 1-இல் ஐம்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். ரம்லிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜே.பி. சந்திரபாபு. இவரும் பாடகர், நகைச்சுவை நடிகர், இயக்குநர். மேல்நாட்டு இசையைத் தன் மொழியில் கரைத்துக் குடித்தவர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த அவர், 1974 மார்ச்சில், ரம்லி இறந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், கடனும் தனிமையுமாகக் கண்ணை மூடினார். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இலும் சிவாஜி 2001 ஜூலை 21-இலும் மறைந்தபோது கடல் கடந்த ஊர்களிலும் தமிழர் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டார்கள். அவர்கள் உச்சியில் இருந்தபடியே போனவர்கள். உச்சியிலிருந்து விழுந்த பிறகு போனவர்களுக்கு ரசிகன் என்ன செய்தான் என்பதுதான் கடினமான கேள்வி.

ரம்லி விஷயத்தில் ரசிகர்கள் செய்தது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில் தொலைக்காட்சி. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆர்டிஎம்மில் அடிக்கடி வந்தன. விடுமுறை நாள் மதியம், பெருநாள் காலை, மழை பெய்யும் மாலை என்று எப்போது பெட்டியைத் திறந்தாலும் ரம்லி இருந்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற பேதமில்லாமல் வசனங்கள் மனப்பாடமாயின. பள்ளிப் புத்தகம் கற்றுத் தந்த மலாய்மொழியைவிட ரம்லி கற்றுத் தந்த மலாய்மொழி பல தமிழ் வீடுகளில் நன்றாக ஒட்டியது என்றால் மிகையாகாது. பிறகு ஒளிநாடாக்கள் வந்தன, 1984-இல் டிவி3, 1996-இல் அஸ்ட்ரோ. ஒவ்வொரு புதுக் கருவியும் வரும்போது அவருக்கு ஒரு புதுத் தலைமுறை ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

அரசாங்கம் பிறகுதான் வந்தது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986 மார்ச் 22-ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளில், நினைவகமாகத் திறக்கப்பட்டது. பியானோ, உடைகள், விருதுகள் என்று அவர் புழங்கிய பொருள்கள் அங்கே வைக்கப்பட்டன. 1990-இல் டான்ஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. அவர் போய்ப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைநகரின் ஜாலான் பெரி என்ற சாலைக்கு ஜாலான் பி. ரம்லி என்று பெயர் மாற்றினார்கள். இரவு விடுதிகள் நிறைந்த சாலையாகவே அது பெயர் வாங்கியது. ரம்லி பார்த்திருந்தால் அதை வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சி எழுதியிருப்பார். 2020-இல் கம்போங் பாருவையும் கேஎல்சிசி பக்கத்தையும் இணைத்துக் கிள்ளான் ஆற்றின் மேல் திறக்கப்பட்ட நடைபாலத்துக்குச் சலோமாவின் பெயர் வைக்கப்பட்டது.

ரசிகர்களில் ஒருவரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பொருத்தம். டான்ஸ்ரீ அகமட் சார்ஜி நாட்டின் தலைமைச் செயலாளராக 1990 முதல் 1996 வரை பணியாற்றியவர். ஓய்வு பெற்ற பிறகு ரம்லியைப் பற்றி 'பி. ரம்லி: எர்த்தி யாங் சக்தி' என்ற பெரிய நூலை 1999-இல் வெளியிட்டார். பின்னர் ஜேம்ஸ் ஹார்டிங்குடன் சேர்ந்து ஆங்கிலத்திலும் ஒரு நூல் எழுதினார். ரசிகர் என்றால் மாலை போடுகிறவர், கைதட்டுகிறவர் என்று நினைக்கிறோம். படங்களையும் பாடல்களையும் ஆட்களின் பெயர்களையும் தேடித் தேடித் தொகுத்து வைப்பதும் ரசிகர் வேலைதான். 2007-இல் இஸ்தானா புடாயாவில் அவர் வாழ்க்கை இசை நாடகமாக மேடையேறியது. 2010-இல் சுஹைமி பாபா இயக்கிய ஆவணப்படம் ஒளிபரப்பானபோது, அவருடைய கடைசி ஆண்டுகளின் வறுமையையும் புறக்கணிப்பையும் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். நாள்தோறும் சிரிப்பு மூட்டிய மனிதர் இப்படியா போனார் என்று அழுதார்கள். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தாமதித்து வந்த கண்ணீர் அது.

அந்தக் கண்ணீரில் குற்ற உணர்வும் கொஞ்சம் கலந்திருந்தது. அது நல்லதுதான். ஆனால் குற்றத்தை மேலதிகாரிகள் மீதும் ஸ்டுடியோ முதலாளிகள் மீதும் இறக்கி வைத்துவிட்டு ரசிகர்கள் ஒதுங்கிக்கொள்வது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. 1970-இல் கொட்டகைக்குப் போகாமல் இருந்தவர்கள் முதலாளிகள் அல்லர். கூச்சல் போட்டவர்களும் அதிகாரிகள் அல்லர். கூச்சல் போட்ட இளைஞர்களில் சிலர் வயதான காலத்தில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து 'மடு தீகா' பார்த்துச் சிரித்திருக்கவும் கூடும்.

தமிழர்களின் பங்குக்கும் ஒரு மறதி இருக்கிறது. ரம்லியைக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் இந்த நாட்டிலேயே தங்கினார். கேத்தே கெரிஸ் நிறுவனத்திலும் படங்கள் இயக்கினார். டத்தோ விருது பெற்றார். ரம்லிக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2014-இல் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை, ரம்லியின் முதல் நாட்களைப் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தார். சென்னை இயக்குநர்களின் பிறந்த ஊரும் பிடித்த உணவும் மனப்பாடமாகத் தெரிந்த நம் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தால் விமான நிலையத்தில் நிற்கக் கூட்டம் இருந்தது. அன்று சுபாங், பிறகு சிப்பாங் என இடம்தான் மாறியது, கூட்டம் குறையவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தவரைத் தேடிப் போகத்தான் ஆளில்லை.

'பாக்தி' படத்தைப் பார்க்கிறவர்கள் முதல் இரண்டு நிமிடங்களை ஓட்டிவிடாமல் பார்க்கலாம். கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் நடுங்கியபடி, பெயர்கள் வந்து போகும். நடிகர் வரிசையில் ரம்லி. இயக்கம் என்ற இடத்தில் எல். கிருஷ்ணன்.